அறிவிக்காமல் வந்த வெள்ளம்

டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி காலை, மட்டக்களப்பு நகரில் வாவிவாய் ஒழுங்குபடுத்தற் சபையின் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. உத்தியோகத்தர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே சுவரில் பெரிய திரையொன்று இருந்தது. 'வாவி நீர்மட்டம்: மூன்றே முக்கால் அடி. நிலைமை: வழமை' என்று அதில் பச்சை எழுத்து எரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்து ஆறுதலடைந்து, ஈரக்காலைத் துடைத்துவிட்டு வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்கள்.

இந்தச் சபையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாவி கடலோடு சேரும் இடத்தில் கடல் வருடாவருடம் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பினால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வயலுக்குள் ஏறும். அப்போது அந்த மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். ஆற்றுவாய் வெட்டுதல் என்று இதைச் சொல்வார்கள். முன்பெல்லாம் வயல்காரர் நாலு பேர் வந்து சத்தம் போடுவார்கள், யாரோ ஒருவர் ஆள் அனுப்புவார், வேலை முடிந்துவிடும். இதில் ஒழுங்கில்லை என்று மேலிடத்தில் கண்டுபிடித்து, ஒழுங்குபடுத்த ஒரு சபையை அமைத்தார்கள். அன்றிலிருந்து ஒழுங்கு இருக்கிறது. ஆற்றுவாய் வெட்டப்படுகிறதா என்பது வேறு விடயம்.

சபைக்கு ஏழு அளவுமானிகள் உண்டு. வாவியின் ஏழு இடங்களில் இரும்புத் தூண் நட்டு, ஒவ்வொரு தூணிலும் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டியொன்றைப் பூட்டியிருந்தார்கள். திறப்பு விழாவில் பிரதம அதிதியின் முகமும் பெட்டியும் ஒரே படத்தில் விழவேண்டும் என்பதற்காக, பெட்டியை அதிதியின் நெஞ்சளவில் பூட்டச் சொன்னார்கள். அதிதி உயரமானவரல்லர். ஆகவே பெட்டி நாலடியில் நின்றது. ஆற்றுவாயை வெட்டும் உத்தரவைக் கணினி அச்சிட வேண்டுமானால் தண்ணீர் ஐந்தடிக்கு வரவேண்டும் என்பது விதி. நாலையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அந்தக் கணினியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதன் பெரும்பகுதியைக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஏழு வருடத்துக்கு முன் ஜாவா என்ற மொழியில் எழுதினார்கள். ஜாவா கண்டிப்பான மொழி. ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் வேலை சொன்னால், வேலையில் என்னென்ன தடங்கல் வரக்கூடும் என்று அந்தப் பகுதி முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவித்த தடங்கலுக்கு, வேலை சொன்னவர் ஒரு கையை நீட்டி வைத்திருக்க வேண்டும், வந்தால் பிடிப்பதற்கு. அறிவிக்காத தடங்கலுக்குக் கை நீட்டினால், 'அங்கிருந்து அப்படியொரு தடங்கல் வரவே வராது, ஏன் கை நீட்டுகிறாய்' என்று ஜாவா நிரலைத் திருப்பி அனுப்பிவிடும்.

கொழும்புக்காரர் இதை விளக்கியபோது பணிப்பாளர் யோகராசா கண் கலங்கியதாகச் சொல்வார்கள். தன் வாழ்நாள் முழுவதும் அவர் நினைத்துக்கொண்டிருந்ததை ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது. மறுவாரமே சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு உத்தியோகத்தரும் அந்த வருடத்தில் தமக்கு நேரக்கூடிய தடங்கல்களைத் தைமாதத்தில், அதாவது ஜனவரியில், படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்கப்படாத தடங்கல் எதுவும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. அதற்கு மங்கல விளக்கேற்றி, சர்வமதப் பெரியார்கள் ஆசியுரை வழங்க, பணிஸும் தேநீருமாக விழா வைத்தார்கள்.

சாரதி தன் படிவத்தில் 'என்ஜின் பழுது' என்று மட்டும் எழுதினார். வாழைச்சேனை வீதியில் ஜீப்பின் ரயர் வெடித்தது. ரயர் பட்டியலில் இல்லை. ஜீப் இன்னும் அந்த வீதியோரத்தில் நிற்கிறது, பதிவேட்டில் நாள்தோறும் ஓடுகிறது. மே மாதத்தில் பிரசவம் என்று அறிவித்த எழுதுவினைஞர் ஒருவருக்கு ஏப்ரலில் குழந்தை பிறந்துவிட்டது. மே வரைக்கும் அவர் கர்ப்பிணியாகவே கந்தோருக்கு வரவேண்டியிருந்தது, மடியில் பிள்ளையோடு. நூற்றுப் பதினான்கு தடங்கல்களை அறிவித்த ஒருவர் சிறந்த உத்தியோகத்தராகத் தெரிவுசெய்யப்பட்டுப் பதவி உயர்வு பெற்றார். அவர் வேறு வேலை எதுவும் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை.

இந்த இடத்துக்குத்தான் தனுஷியா ஒப்பந்த அடிப்படையில் நிரல் எழுத வந்து சேர்ந்தாள். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. அளவுமானிகளை வாசிக்கும் பகுதியை அவளுக்கு முன்பிருந்த றிஸான் எழுதிவிட்டுக் கட்டாருக்குப் போயிருந்தான். அவன் அதை க்ரூவி என்ற மொழியில் எழுதியிருந்தான். க்ரூவி ஜாவாவோடு ஒரே வீட்டில் குடியிருக்கும், ஒரே உலையில் சோறு தின்னும், ஆனால் முன்கூட்டி எதையும் அறிவிக்கச் சொல்லாது. தடங்கல் வந்தால் வரட்டும், பிடிக்கிறவன் பிடிக்கட்டும் என்பது அதன் குணம். றிஸான் எதையும் அறிவிக்கவில்லை. தைமாதப் படிவத்திலும் 'தடங்கல்: இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போயிருந்தான்.

அன்று ஒன்பது மணிக்குத் தனுஷியாவின் போன் அடித்தது. அப்பா அருமைநாயகம், மகளை 'மனே' என்றுதான் கூப்பிடுவார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், புளியடி வட்டை என்ற வயல்வெளியில் அவருக்கு நாலு ஏக்கர். மாரிபோகத்துக்கு அவர் அங்கேயே காவற்குடிலான வாடியில் தங்கிவிடுவார்.

"மனே, வட்டைக்குள்ள தண்ணி ஏறிட்டு. பயிர் இப்ப குடலை, கதிர் இன்னும் உள்ளுக்க. மூடிக்கொண்டு ரெண்டு மூணு நாள் நிண்டா அவ்வளவுதான், அழுகிப்போகும். உங்கட கந்தோர்ல சொல்லி ஆத்துவாய வெட்டச் சொல்லன்."

"திரையில மூண்டே முக்கால் அடி எண்டு இரிக்கப்பா."

"திரையிலயா நாங்க விதைச்சிரிக்கம்?"

வட்டைக்குப் போகும் வழியில் பழைய பாலமொன்று உண்டு. அதன் தூணில் யாரோ எப்போதோ பெயின்ற்றால் அடிக்கணக்குக் கீறி வைத்திருந்தார்கள். தனுஷியா அதைப் போய்ப் பார்த்துச் சொல்லும்படி அப்பாவைக் கேட்டாள். அரை மணித்தியாலத்தில் அவர் திரும்ப எடுத்தார். ஆறேகால் அடி.

அவள் நிரலின் நாட்குறிப்பைத் திறந்தாள். நேற்று முன்தினம் அதிகாலை நாலடிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து முதலாவது அளவுமானி செத்துப் போயிருந்தது. அதை வாசிக்கப் போன க்ரூவிப் பகுதி, வாசிக்க முடியவில்லை என்ற தடங்கலை ஜாவாவிடம் அனுப்பியது. ஜாவாவிடம் அதற்குக் கை இல்லை. நிரல் அப்படியே குப்புற விழுந்தது. விழுமுன் கடைசியாக வாசித்த எண் திரையில் நின்றுவிட்டது. வெள்ளம் ஏறஏற அதை அறிவிக்க வேண்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாக வெள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. திரை பச்சையாகவே இருந்தது.

அவள் பணிப்பாளரின் அறைக்கு ஓடினாள்.

யோகராசா நல்ல மனிதர். யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். அவர் கேட்டுவிட்டுப் பட்டியலை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அளவுமானிப் பிரிவு. தடங்கல், இல்லை. றிஸான் சைன் வெச்சிரிக்கார். அந்தப் பிரிவுல தடங்கல் வராது பிள்ள."

"வந்திரிக்கு சேர்."

"எப்பிடி வரும்? அறிவிக்கல்லயே."

"சேர், வெளியில பாருங்க. சைக்கிள் தரிப்பிடம் தெரியல்ல."

அவர் யன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க நேரிடும் என்ற எச்சரிக்கை அவருக்கு எப்போதும் உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் பேசும் குரல் அவருக்கு வந்துவிட்டது.

"பிள்ளை, இந்தச் சபையின் பெருமை என்ன தெரியுமா? ஏழு வருடங்களில் இங்கே ஓர் எதிர்பாராத சம்பவமும் நடைபெறவில்லை. மற்றத் திணைக்களங்களில் நாளொன்றுக்கு நாலு நடக்கிறது. இங்கே ஏன் நடக்கவில்லை? எதிர்பாராத சம்பவத்தை ஏற்றுக்கொள்ளும் படிவம் எங்களிடம் இல்லை. இதுதான் நிர்வாகம்."

தனுஷியா பொறுமையாக மூன்று வழிகளைச் சொன்னாள். முதலாவது, எந்தத் தடங்கல் வந்தாலும் பிடிக்கிற மாதிரி ஜாவாவில் ஒரே பெரிய கையை நீட்டலாம். அதற்குத் தடை உண்டு என்றார் பணிப்பாளர். வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் அது கந்தோரா, சந்தைக் கொட்டகையா என்று ஒரு சுற்றுநிருபமே இருந்தது. இரண்டாவது, தடங்கலை வேறோர் உறையில் போட்டு, பொதுத் தடங்கல் என்று மேலே எழுதி அனுப்பலாம். பொது உறைக்கு யாரும் முன்கூட்டிக் கை நீட்டவேண்டியதில்லை. இது பணிப்பாளருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"அது நல்லம். நாங்களும் அப்பிடித்தானே செய்யிற. பொது எண்டு மேல எழுதினா ஒருத்தரும் பிரிக்க மாட்டாங்க."

"அதுதான் சேர் பிரச்சினை. ஒருத்தரும் பிரிக்காட்டி நிரல் திரும்பவும் விழும்."

மூன்றாவது வழி இலேசானது. க்ரூவிப் பகுதியின் தலைப்பில் ஒரு வரி சேர்த்து, 'இங்கிருந்து இந்தத் தடங்கல் வரக்கூடும்' என்று அறிவித்துவிட்டால் போதும். க்ரூவி கேட்காவிட்டாலும் நாமாக அறிவிக்கலாம். பிறகு ஜாவா கை நீட்ட இடம் கொடுக்கும். இரண்டு நிமிட வேலை.

பணிப்பாளரின் முகம் மாறியது. "அறிவிக்கிறதா? டிசம்பர்லயா?" என்றார். பட்டியலை மூடினார். "இந்தத் தடங்கல் வரும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வியோடு அவள் பிற்பகலில் விசாரணை உத்தியோகத்தர் பக்கீரின் மேசைக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்டாள். சபையில் யார் யாரைச் சந்தேகிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு கிடையாது. காவலாளி சாரதியைச் சந்தேகித்தார், சாரதி ஜீப்பைச் சந்தேகித்தார், கணக்குப் பிரிவு தேநீர் போடுபவரைச் சந்தேகித்தது. இவ்வளவு சந்தேகக்காரர் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்தப் பச்சை எழுத்தை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அதற்குச் சம்பளம் இல்லை.

பக்கீர் மெல்லிய குரலில் பேசுபவர். அவளுடைய பையைத் திறந்து காட்டச் சொன்னார். சாப்பாட்டுப் பெட்டி, போன் வயர், ஒரு குடை. குடையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"மழை வரும் எண்டு முன்கூட்டியே தெரியுமா தங்கச்சி?"

"மாரிகாலம் சேர்."

'வெள்ளம் தொடர்பில் முன்னறிவு உண்டு' என்று அவர் எழுதினார்.

"அப்பா என்ன செய்யிறார்?"

"வேளாண்மை. புளியடி வட்டையில."

"தண்ணி ஏறின வட்டை."

"ஓம்."

"தண்ணி கூடினா அவருக்கு லாபமா, நட்டமா?"

"நட்டம் சேர். நாலு ஏக்கர்."

"அப்ப தண்ணி கூடிட்டு எண்டு சொல்லுறதில உங்களுக்கு லாபம்." அவர் பேனையை வைத்துவிட்டு அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "நான் உங்களக் குற்றம் சொல்லல்ல. ஆனா பாருங்க, முந்நூறு பேர் வேலை செய்யிற கந்தோர். ஒருத்தருக்கும் இந்தத் தடங்கல் தெரியல்ல. வயல் உள்ளவட மகளுக்கு மட்டும் தெரிஞ்சிரிக்கு."

வெளியே வந்ததும் அவள் முகத்துவாரத்தில் நின்ற மஜீட்டுக்குப் போன் எடுத்தாள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுபவர். மணல்திட்டுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூன்று நாளாக அதன் கூரையின் கீழ் காத்திருந்தார்.

"கடதாசி வந்தா அரை மணித்தியாலத்துல வாயத் திறந்திருவன் தங்கச்சி. வாவியும் கடலும் ஒண்ட ஒண்டு பார்த்துக்கொண்டு நிக்குது. கடதாசி இல்லாம மட்டும் கேக்காதீங்க. முந்தி ஒருக்கா மனம் கேக்காம வெட்டினன். பெக்கோவச் சாட்சிப் பொருள் எண்டு பொலிசில பதினொரு மாசம் வெச்சிட்டாங்க. மாசா மாசம் போய்ப் பார்த்திட்டு வருவன், ஆஸ்பத்திரில ஆளப் பார்க்கிற மாதிரி."

மறுநாள் காலை விசேட கூட்டம். இதற்குள் கூட்ட மண்டபத்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. உத்தியோகத்தர்கள் முன் நாற்காலியின் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் தேசிய கீதம். எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். பிறகு மறைந்த உத்தியோகத்தர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். அந்த மௌனத்தில் எங்கிருந்தோ ஒரு மீன் துள்ளும் சத்தம் கேட்டது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. கூட்டக் குறிப்பில் 'மண்டபம் உலர்ந்த நிலையில் இருந்தது' என்று எழுதப்பட்டது, திரையில் இருந்த மட்டத்துக்கு அதுதான் பொருத்தம் என்பதால்.

அறிவிக்கலாமா என்பதே விவாதம். அறிவித்தால் முன்பே தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும் என்றார் சட்டப் பிரிவுக்காரர். முன்பே தெரிந்திருந்தால் ஏன் தடுக்கவில்லை என்று மேலிடம் கேட்கும். தெரியாது என்றால் எப்படி அறிவிப்பது? தைமாதம் வர ஒன்பது நாள்தானே, பொறுத்தால் விழாவோடு விழாவாகச் செய்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். தேநீர் வந்தது. கொண்டுவந்தவர் வெளியே இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி, தட்டத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி வந்தார்.

தனுஷியா எழுந்தாள்.

"சேர், ஒன்பது நாளைக்கு வயல் நிக்காது. எங்கட அப்பாட வயல் மட்டுமில்ல. அந்த வட்டை முழுக்க இந்தப் போகத்த நம்பித்தான் இரிக்கு. ஒரு வரி சேர் கேக்கிறன். ஒரேயொரு வரி."

யாருக்காவது மனம் இளகியிருக்கலாம், நான் அதை மறுக்கவில்லை. பணிப்பாளர் கடைசியில் ஒரு நடுவழி கண்டார். தற்காலிக அறிவிப்புக்கு அனுமதி. 'இந்த அறிவிப்பானது மேற்படி தடங்கல் வந்தது என்பதையோ, வரும் என்பதையோ, தண்ணீர் என்பதையோ ஏற்றுக்கொண்டதாகப் பொருள்கொள்ளப்படலாகாது' என்ற நிபந்தனையோடு, ஐந்து கையொப்பங்கள். ஐந்தில் இருவர் விடுமுறையில் இருந்தார்கள். ஒருவர் அமிர்தகழியில், மற்றவர் ஏறாவூரில். தனுஷியா ஓட்டோவிலும் தோணியிலும் போய்க் கையொப்பம் வாங்கிவந்து சேர மறுநாள் பதினொரு மணி ஆகிவிட்டது.

அப்பா போன் எடுத்தார். "மூடிட்டு மனே" என்றார். "பள்ளப் பக்கம் நுனியும் தெரியல்ல."

அவள் கணினியில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தாள். ஜாவா இம்முறை முறைக்கவில்லை. கை நீட்டும் பகுதிக்கான பூட்டையும் அனுமதிப் பத்திரம் காட்டித் திறந்து வாங்கினாள். கொழும்புக்காரர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பொதுவான கையொன்று அங்கே இருந்தது. அறிவிக்கப்பட்ட எல்லாத் தடங்கலும் அதற்கே போகும். இதையும் அதனோடு இணைத்தாள். நிரலை ஓடவிட்டாள்.

நிரல் விழவில்லை. தடங்கல் வந்தது, கை பிடித்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. திரையைப் பார்த்தாள். மூன்றே முக்கால் அடி. வழமை. பச்சை.

அவள் அந்தக் கையின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒரேயொரு குறிப்பு மட்டும் இருந்தது: 'இதைப் பிறகு பார்ப்போம்.' ஏழு வருடத்துக்கு முந்திய திகதி. ஏழு வருடமாக அறிவித்து, படிவம் நிரப்பி, விளக்கேற்றி, ஒப்பமிட்டு அனுப்பப்பட்ட அத்தனை தடங்கலும் இந்த வெறுங்கைக்குள் விழுந்து மறைந்திருக்கின்றன. அறிவித்தவனுக்கும் அறிவிக்காதவனுக்கும் வித்தியாசம் இதுதான்: அறிவிக்காதவன் விழுந்த சத்தம் கேட்டது. தனுஷியா மேசையில் தலையை வைத்து அழுதாள். ஆத்திரத்தில் வரும் அழுகை அதிக நேரம் நிற்காது. நிமிர்ந்து முகத்தைத் துடைத்தாள்.

அளவுமானி திருத்தத்துக்குப் போயிருக்கும்போது கையால் மட்டத்தைப் பதிவதற்கென்று ஒரு படிவம் அந்தக் கணினியில் இருந்தது. யாரும் திறந்ததில்லை. திறந்தாள். நீர்மட்டம்: ஆறேகால் அடி. வாசித்த இடம்: புளியடி வட்டைப் பாலம். வாசித்தவர்: அருமைநாயகம். வாசித்த நாள்: டிசம்பர் இருபத்திரண்டு. அவள் ஒரு பொய்யும் எழுதவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

திரை சிவந்தது. மூலையில் இருந்த அச்சு இயந்திரம் உறுமி, ஆற்றுவாய் வெட்டும் உத்தரவை மூன்று பிரதிகளில் துப்பியது. அவள் அதைப் பணிப்பாளரிடம் கொண்டுபோனாள். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், கணினியின் இலக்கம் இருந்தது, உடனே கையொப்பமிட்டார். "பார்த்தீங்களா பிள்ள" என்றார். "முறைப்படி வந்தா நான் ஒரு நிமிஷமும் தாமதிக்கிறல்ல."

இரண்டு மணிக்கு மஜீட் தாளை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்த்து, சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இயந்திரத்தில் ஏறினார். இருபத்தைந்தாம் நிமிடம் மணல் விட்டுக்கொடுத்தது. வாவி கடலுக்குள் பாய்ந்த சத்தம் பாலமீன்மடு வரை கேட்டது என்றார்கள். மறுநாள் மாலை அப்பா போன் எடுத்தார். இரண்டரை ஏக்கரில் பயிர் தலை தூக்கியிருந்தது. பள்ளப் பக்கம் ஒன்றரை ஏக்கர் அழுகிப் போய்விட்டது. "ஒரு நாள் முந்தி வெட்டியிருந்தா" என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

சபை தன் கணினியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகுதான் பக்கீர் அந்த உத்தரவின் அடியில் இருந்த சிறிய எழுத்துகளை வாசித்தார். தனுஷியா மீண்டும் அதே மேசைக்கு முன்னால்.

"அருமைநாயகம் எண்டுறது எத்தினையாவது அளவுமானி?"

"அது என்ட அப்பா சேர்."

"அவர் பதிவு செய்யப்பட்ட அளவுமானியா?"

"இல்ல சேர். கண்ணால பார்த்துச் சொன்னவர்."

பக்கீர் நெடுநேரம் யோசித்தார். பதிவு செய்யப்படாத ஓர் அளவுமானியின் வாசிப்பில் சபை ஆற்றுவாயை வெட்டியிருக்கிறது. அப்படியென்றால் உத்தரவு செல்லாது. உத்தரவு செல்லாதென்றால் வாய் வெட்டப்படவில்லை. வெட்டப்படவில்லையென்றால் தண்ணீர் எங்கே போயிற்று என்று மேலிடம் கேட்கும். அவளை வேலையால் நிறுத்தினால் அந்தக் காரணத்தை எழுத்தில் போடவேண்டும், அதற்கும் படிவம் இல்லை. விசாரணைக் கோவை பணிப்பாளரிடம் போனது. பணிப்பாளர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, முன்திகதியிட்டு, இந்தச் சிக்கலை ஒரே கடிதத்தில் தீர்த்தார்.

கடிதம் பதிவுத் தபாலில் களுவாஞ்சிக்குடி வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை, தனுஷியா வீட்டில் இருந்தாள். அழுகிய பள்ளத்தில் மறுபடி விதைக்க விதைநெல் எடுக்கவென்று அருமைநாயகம் வட்டையிலிருந்து வந்திருந்தார். கந்தோர்க் கடிதம் என்றதும் அதைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"நீ வாசி மனே. இவங்கட கடதாசியில எனக்கு நம்பிக்கை இல்ல."

அவள் வாசித்தாள். அருமைநாயகமாகிய தாங்கள் சபையின் எட்டாம் இலக்க அளவுமானியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள். புளியடி வட்டைப் பாலத்தில் தினமும் காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு மணிக்கு நீர்மட்டத்தை வாசித்து அனுப்புதல் வேண்டும். முன்னனுமதியின்றி அளவுமானி இடம் நகர்த்தப்படலாகாது. அளவுமானியின் மேல் சபையின் இலக்கத் தகடு தெளிவாகத் தெரியும்படி பூட்டப்படும்.

"எங்க பூட்டப்போறாங்க?"

"போடல்லப்பா."

"காய்ச்சல் வந்தா?"

அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அளவுமானிப் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட தடங்கல்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. மின்கலம் தீர்தல், துருப்பிடித்தல், பறவை எச்சம்.

"காய்ச்சல் இல்லப்பா."

"பாம்பு கடிச்சா?"

"இல்ல."

அருமைநாயகம் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். அவர் ஐம்பது வருடம் வயல் செய்தவர். எந்த அரசாங்கக் கடிதத்திலும் கடைசிப் பக்கத்தில்தான் கொத்துமென்று அவருக்குத் தெரியும்.

"நான் செத்துப்போனா?"

தனுஷியா பட்டியலை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.

"அதுவும் இதில இல்லப்பா."

"அப்ப சாகவும் ஏலா" என்றார் அவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணி வாசிப்புக்குப் பாலத்துக்குப் போய்ச்சேர நேரம் மட்டுமட்டாகத்தான் இருந்தது.